மேசையைப் பொறுத்து

ப்ர்னோ நகரில்
நாடக அரங்கின் நிலவறையில் எனக்கு வேலை.
தலைக்கு மேல் டிராம் போகும்போதெல்லாம்
விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும்.
இருநூறு ஆண்டுக்கு முன் செத்துப்போன ஒருவரின்
முப்பத்தொரு நாடகங்களை
மூன்று இழுப்பறையில் அடைக்க வேண்டும்.

இன்பியல். துன்பியல். வரலாறு.
எனக்கு முன்னிருந்த யாரோ
பித்தளைப் பிடிக்கு மேல்
அழகாய் எழுதி ஒட்டிய சொற்கள்.
பசை மட்டும் மஞ்சளாகியிருந்தது.

விதி சுலபம் என்றார் மேலாளர் ஹவ்ரானெக்.
கடைசிக் காட்சியைப் பார்.
கல்யாணமென்றால் இடது,
பிணமென்றால் நடு,
கிரீடமென்றால் வலது.
கசாப்புக் கடைக்காரி ஈரலை நிறுப்பதுபோல்
ஒரு வாரம் நிறுத்தேன்.
கல்யாணம் பதினான்கு. பிணம் ஒன்பது.
அரசர்கள் ஏழு, அதில் ஒருவருக்கு மட்டும்
படுக்கையில் சாவு.

மிச்சம் ஒன்று.

அதில் கல்யாண விருந்து.
மகளின் கழுத்துச் சங்கிலி அடகில் இருப்பது
தகப்பனுக்கும் அடகுக்காரனுக்கும் மட்டும் தெரியும்.
நகையை வைத்து நகை வாங்கிய விருந்து.
எல்லாரும் ஆடுகிறார்கள்.
மேசைக் கோடியில் தகப்பன் தலை கவிழ்ந்திருக்கிறான்.
மகள் வருகிறாள், தொடுகிறாள்,
தன் மாலையைக் கழற்றி அவன் தலையில் வைக்கிறாள்.
"அப்பாவை எழுப்பாதீர்கள். களைத்திருக்கிறார்."
திரை.

தூங்கினானா? செத்தானா?
எழுதியவர் சொல்லவில்லை.
சொல்லாமல் அவரும் செத்துப்போனார்.

பிறகு எனக்கு ஒதீலியே ஷெபெஸ்தோவாவின் பிரதி கிடைத்தது.
மேடைக்கடியில் முழங்காலை மடக்கி
முப்பது வருஷம் வசனம் எடுத்துக்கொடுத்தவள்.
ஓரத்தில் பென்சிலால்,
அந்தக் கடைசி வரிக்கு நேராக,
ஒவ்வொரு இரவையும் குறித்திருக்கிறாள்:

1926 அக்டோபர். சிரிப்பு, பதினொரு விநாடி. திரை தாமதம்.
1932. சிரிப்பு, பாதியில் நின்றது.
1937. மேல்மாடத்தில் யாரோ இருமினார்கள்.
1941 பிப்ரவரி. ஒன்றுமில்லை.
மறுநாள். ஒன்றுமில்லை. நாற்காலி கூட முனகவில்லை.
1946. சிரித்தார்கள். பிறகு
சிரித்தது யாரென்று திரும்பிப் பார்த்தார்கள்.

வரி அதேதான்.
ஒரு கால்புள்ளி இடம் மாறவில்லை.

கடைசியாகத் தகப்பன் வேஷம் கட்டியவர்
வெண்டெலின் குஹ்தா.
எண்பதைத் தாண்டி, டிரெபீச் முதியோர் இல்லத்தில்.
தொலைபேசியில் கேட்டேன்:
ஐயா, நீங்கள் தூங்கினீர்களா, செத்தீர்களா?

"அது மேசையைப் பொறுத்தது, அம்மணி.
ப்ர்னோவில் மேசை தாழ்வு.
கழுத்து ஒடிந்துபோகும். அங்கே சாவேன்.
ஒலோமௌட்ஸில் மேசை நல்ல உயரம்,
நிஜமாகவே கண்ணசந்துவிடும்.
ஒருநாள் குறட்டை விட்டேன்.
கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது.
மகளாக நடித்த பெண் மட்டும்
மாலையை வைத்த கையை
எடுக்கவே இல்லை."
அந்தப் பெண்ணின் பெயர் கேட்டேன்.
நீண்ட நேரம் யோசித்தார்.
பின்னால் யாரோ சூப் தட்டை வைத்த சத்தம்.
அப்படியே போனை வைத்துவிட்டார்.

தட்டச்சுப்பொறியில் சீட்டைச் செருகினேன்.
தலைப்பு. அங்கங்கள் நான்கு. பாத்திரங்கள் பத்தொன்பது.
வகை என்ற இடத்தில்
மேசையைப் பொறுத்து என்று அடித்தேன்.

ஹவ்ரானெக் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.
சிரிப்பு, நான்கு விநாடி.
பிறகு சீட்டைத் திருப்பித் தந்து
வேறு அடி என்றார்.

நாடா தீர்ந்துவிட்டது என்றேன்.
மூன்று வருஷமாகத்
தீர்ந்தே இருக்கிறது.